இஞ்சி இல்லாத கிணறு

2005ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை, கல்முனைக்குடி கடற்கரையோரம் அப்துல் ஸமட்டின் மனைவி வீட்டுக் கிணற்றில் தண்ணீர் நின்று கோப்பி ஊறத் தொடங்கியது. பால் இல்லை, சீனி இல்லை, நல்ல சாயமுள்ள கறுப்புக் கோப்பி. விடியல் சுபஹுக்குச் சூடாக இருந்தது, மதியம் லுஹருக்கு ஆறியது, பின்னேரம் அஸர் நேரம் மறுபடியும் ஆவி பறந்தது. அந்தக் கிழமை சந்தையில் தேங்காய் விலை ஏறிக் கிடந்தபடியால் ஊர் முதல் இரண்டு நாளும் தேங்காயைப் பற்றியே கதைத்தது. மூன்றாம் நாள்தான் கிணற்றுக்கு வந்தது.

மனைவி வீடு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடு வளவு எல்லாம் பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்து, ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்குள் வந்து ஏறுவான். கண் மூடி மௌத்தாகும் வரைக்கும் அவன் மாப்பிள்ளைதான். அப்துல் ஸமட்டும் அப்படித்தான் வந்து ஏறினார். மாமியார் தன் வளவை இரண்டாகப் பிரித்து இந்தப் பக்கம் மூத்தவள் முனவ்வறாவுக்கும் அந்தப் பக்கம் இளையவள் நபீலாவுக்கும் எழுதிக் கொடுத்தார். நடுவில் ஒரு மதில். மதில் ஓடி வந்த இடத்தில் கிணறு இருந்ததால் கிணறு இரண்டு பேருக்கும் பொது. நபீலாவின் மாப்பிள்ளை சவூதியில். பிள்ளை குட்டி இல்லை. ஆகவே அவளுக்கு அக்காளின் கோப்பியில் பிழை பிடிக்க நிறைய நேரம் இருந்தது. ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகை முடிந்து இந்தப் பக்கம் கோப்பி மணந்தவுடன் மதிலுக்கு அங்கால் இருந்து, "ராத்தா, இஞ்சி போட்டீங்களா?" என்று குரல் வரும். இஞ்சி போட்டால் அப்துல் ஸமட்டுக்கு நெஞ்செரியும் என்பதால் முனவ்வறா போடுவதில்லை. ஆனாலும் "போட்டன், போட்டன்" என்று கூசாமல் பொய் சொல்லி ஒரு கோப்பையை மதிலுக்கு மேலால் நீட்டுவாள். நபீலா ஒரு வாய் குடித்துவிட்டு, பொய் என்பாள். பதினொரு வருடம் இந்த வழக்கு நடந்தது, தீர்ப்பில்லை.

அதற்கு முந்தின டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை முனவ்வறா சம்மாந்துறையில் மகள் றுக்ஸானா வீட்டில் இருந்தாள். அப்துல் ஸமட் தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்து வயிறு நிறையக் கடலைக் குடித்துத் தப்பினார். அதோடு அவருக்கு மணம் பிடிக்கிற சக்தி போய்விட்டது. வீடும் மதிலும் போயின. நபீலாவை மூன்றாம் நாள் அந்தக் கிணற்றிலிருந்துதான் எடுத்தார்கள். அடக்கிவிட்டு வந்த முனவ்வறா, இனி இந்த வளவை மிதிக்க மாட்டேன், இந்தக் கிணற்றில் ஒரு சொட்டும் என் வாயில் வைக்க மாட்டேன் என்று சொல்லி மகள் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். அப்துல் ஸமட் தகரத்தால் ஒரு கொட்டில் அடித்துக்கொண்டு வளவிலேயே இருந்தார். பெண்சாதி இல்லாத பெண்சாதி வீட்டில் மாப்பிள்ளை குடியிருப்பது இந்த ஊர் அதுவரை கேள்விப்படாத கூத்து. அவருக்கு அது வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, அவள் இல்லாமல் இருக்க ஏலாமல் இருந்தது. கிணறு சுத்தமானால் அவள் வருவாள் என்று மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தார்.

அப்போது வீதிக்கு வீதி நிவாரணக்காரர்கள். ஒரு கூட்டம் கிணறுகளை இறைத்து, நூலில் கட்டிய மருந்துப் பொட்டலத்தை உள்ளே தொங்கவிட்டது. இன்னொரு கூட்டம் சாமான் பெட்டி கொடுத்தது. அப்துல் ஸமட்டுக்குக் கிடைத்த பெட்டிக்குள் பனிக்குல்லாய் இரண்டு, நாய்க்குச் சவர்க்காரம் ஒன்று, அவற்றோடு நாற்பது சின்னக் கடதாசிப் பைகள் அடங்கிய அட்டைப்பெட்டி ஒன்று. ஒவ்வொரு பைக்கும் ஒரு நூல், நூல் நுனியில் ஒரு துண்டு. எழுத்து விளங்கவில்லை, படம் விளங்கியது. வட்டமான ஒரு வாய், உள்ளே தண்ணீர், அதற்குள் தொங்குகிற நூல். கிணறு என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பக்கத்தில் ஒரு பிடி இருந்ததைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. வாளி வைக்கிற கல்லாக்கும் என்று நினைத்தார். கீழே நாலு என்று இலக்கம் இருந்தது. நாலு நாள் பொறுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். சந்தைக்குப் பக்கத்தில் இருபது வருடம் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த மனிதர், அந்தப் பையை மூக்கடிக்குக் கொண்டுபோயிருந்தால் அது என்னவென்று உடனே பிடித்திருப்பார். மூக்குத்தான் கடலோடு போய்விட்டதே. பிஸ்மி சொல்லி ஒரு பையைக் கிணற்றில் இறக்கி, நூலைக் கிணற்றுக் கட்டின் மேல் கல் வைத்து அமத்தினார். நாலாம் நாள் வாளி கறுப்பாக வந்தது.

மிச்சம் முப்பத்தொன்பது பைக்கும் பிறகுதான் விளக்கம் கிடைத்தது. நிவாரணக் கூட்டத்து வெள்ளைக்காரப் பெட்டை ஒருத்தி கோப்பையில் சுடுதண்ணீர் ஊற்றி, பையைப் போட்டு, நாலு நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊரும் நின்றது. பிறகு எல்லோரும் ஒவ்வொரு வாய் குடித்துப் பார்த்தார்கள். துணியில் வடித்த கோப்பிக்கு இது காணாது, டின்னில் வருகிற தூளுக்கு இது பரவாயில்லை, ஒருவர் குடிக்க ஒரு பை என்றால் பத்துப் பேர் வந்த வீட்டில் பத்து நூலையும் யார் பிடிப்பது என்று தீர்ப்பானது. சிலர் பையைக் கத்தரித்துச் சட்டியில் போட்டுக் காய்ச்சினார்கள். பக்கத்து வளவுக்காரர்கள் தங்கள் கிணறுகளிலும் இறக்கிப் பார்த்தார்கள். பை கரைந்து சக்கையானது, தண்ணீர் உப்பாகவே கிடந்தது, அப்துல் ஸமட்டுக்குத்தான் ஏச்சு விழுந்தது. அவருடைய கிணறு மட்டும் இறைக்க இறைக்க ஊறியது.

இந்தக் கிணற்றில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுக்கலாமா என்று கேள்வி வந்தது. காலிதீன் மௌலவி வந்து கிணற்றுக் கட்டின் மேல் குந்தினார். இரண்டு கோப்பை குடித்தார். இதைப் பார்த்தவன் தண்ணீர் என்பானா, கோப்பி என்பானா என்று கேட்டார். கோப்பி என்றார்கள். அப்படியானால் தண்ணீர் என்ற பெயர் இதைவிட்டுப் போய்விட்டது, ஒழுவுக்கு ஆகாது, குடிக்க ஹலால் என்று சொல்லிவிட்டு, சொன்னது சரிதானா என்று பார்க்க மூன்றாவது கோப்பையும் கேட்டார். கடலோரம் வீடு கட்டக்கூடாது என்று நாடாவோடு அளக்க வந்த உத்தியோகத்தருக்குக் கிணற்றை மூடச்சொல்லி எழுதத்தான் கட்டளை. அவருடைய படிவத்தில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டே கட்டங்கள். இரண்டிலும் புள்ளடி போட முடியாமல் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அது இன்னும் அங்கேதான் இருக்க வேண்டும்.

ஒழுவுக்கும் சோற்றுக்கும் தண்ணீர் வேண்டுமே. பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பில் தங்கராசா என்ற மேசன் இருந்தார். அவருடைய கிணறு உள்ளுக்குத் தள்ளி இருந்ததால் நல்ல தண்ணீர். முன்பு அப்துல் ஸமட்டின் கடையில் காலைக் கோப்பி குடித்த மனிதர். இரண்டு ஊருக்கும் இடையில் மனம் முறிந்த வருடங்களில் வராமல் நின்றவர். ஒரு நாள் சைக்கிளில் தண்ணீர்க் கலன் கட்டிக்கொண்டு வந்தார். பழையதை இருவரும் கதைக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு கலன் தண்ணீருக்கு ஒரு கலன் கோப்பி. காவலரணில் நின்ற சிப்பாய்கள் முதல் நாள் கலனைத் திறந்து பார்த்தார்கள், இரண்டாம் நாளிலிருந்து கோப்பையோடு நின்றார்கள்.

இப்படி வருடங்கள் போயின. கோழிகள் உறங்காமல் நாளுக்கு இரண்டு முட்டை இட்டன. வளவுத் தென்னையின் குரும்பைத் தண்ணீர் ஒரு வாய் கசந்தது. வடக்கே சண்டை இறுகியது. ஒவ்வொரு வெள்ளியும் அப்துல் ஸமட் ஒரு பிளாஸ்க்கில் கோப்பி நிரப்பி சம்மாந்துறை பஸ்ஸில் கொடுத்துவிடுவார். ஒவ்வொரு சனியும் அது மூடி திறக்காமல் திரும்பி வரும். பையை வெளியே எடுத்தால் தண்ணீர் வரும், தண்ணீர் வந்தால் அவள் வருவாள் என்று ஒருமுறை நூலைப் பிடித்து இழுத்தார். காலையிலிருந்து லுஹர் வரை இழுத்தும் நூல் முடியவில்லை, கொட்டில் நிறைய நூல் குவிந்தது, பை வரவேயில்லை. எல்லாவற்றையும் திரும்ப உள்ளே விட்டார்.

2009 மே மாதம் சண்டை முடிந்தது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள். அதற்குப் பத்து நாள் கழித்து தங்கராசா தண்ணீர்க் கலன் இல்லாமல், வெறும் வாளிகளோடு வந்தார். வன்னிக்குக் கலியாணம் முடித்துப் போன தங்கச்சி மீனாம்பிகை செத்துப்போன செய்தி வந்திருந்தது. உடம்பு இல்லை; புதைத்த இடம் தெரியாது; வீட்டில் ஒரு படத்தை வைத்து விளக்கேற்றியிருந்தார்கள்.

"சனம் வருகுது காக்கா. வாறவங்களுக்குக் குடுக்க ரெண்டு வாளி தாங்க" என்று தங்கராசா அப்துல் ஸமட்டை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

அப்துல் ஸமட் வாளியைத் தொடவில்லை. தங்கராசாவை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறி சம்மாந்துறைக்குப் போனார். மகள் வீட்டு வாசலில் நின்று மனைவியிடம் செய்தியை மட்டும் சொன்னார். வா என்று சொல்லவில்லை. முனவ்வறா எழும்பினாள். பிறகு, "நம்முட நபீலா மவுத்தான நேரம் ஆரும் ஒரு கோப்பி தரல்ல. எல்லா ஊடும் மவுத்து ஊடு, ஆருக்கு ஆரு குடுக்கிற?" என்று சொல்லிவிட்டு முக்காட்டைப் போட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் பஸ்ஸுக்கு நடந்தாள்.

நாலு வருடமும் ஐந்து மாதமும் கழித்து அவள் தன் வளவை மிதித்தபோது அஸர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. கிணற்றில் ஆவி பறந்தது. வாளியைத் தானே இறக்கி, தானே இழுத்து, கையால் அள்ளி ஒரு வாய் குடித்தாள். கண்ணால் நீர் வடிந்தது. அதோடு முகத்தையும் சுளித்தாள்.

"இதுல இஞ்சி இல்ல" என்றாள்.

கொட்டிலில் இஞ்சி ஏது? பக்கத்து வளவில் கேட்டு ஒரு பெரிய துண்டு வாங்கி வந்தார் அப்துல் ஸமட். கிணற்றுக் கல்லில் வைத்து நசுக்கி முனவ்வறா உள்ளே போட்டாள். பிறகு, மதில் இல்லாத இடத்தில் மதில் இருப்பது போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, ஊருக்கே கேட்கச் சொன்னாள்:

"போட்டன் நபீலா. இண்டைக்கு மெய்யாப் போட்டன்."

கிணறு அடியிலிருந்து ஒருமுறை பொங்கி அடங்கியது. அப்துல் ஸமட்டின் மூக்கில் இஞ்சி மணந்தது. முதலில் என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. விளங்கியபோது கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். தங்கராசாவும் அழுதார். பிறகு மூன்று பேருமாக வாளிகளைத் தூக்கிக்கொண்டு பாண்டிருப்புக்கு நடந்தார்கள். அங்கே வந்திருந்த சனம் எல்லாம் குடித்தது, நல்ல கோப்பி என்றும் சொன்னது.

முனவ்வறா அதன் பிறகு திரும்பிப் போகவில்லை. மறு வருடம் அவள் அந்த வளவை றுக்ஸானாவுக்கு எழுதிக் கொடுத்தபோது நொத்தாரிசு, தென்னை இரண்டு, முருங்கை ஒன்று, இஞ்சிக் கோப்பிக் கிணறு ஒன்று என்று காணி உறுதிப் பத்திரத்தில் எழுதி, அடுத்தது என்ன என்று கேட்டார். அப்துல் ஸமட்டுக்கு இப்போது ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு நெஞ்செரியும். அதைப் பற்றி அவர் யாரிடமும் முறையிட்டது கிடையாது.