புல் முளைக்கக் கூடாத சரிவு

விடிவதற்குள் சரிவில் இறங்கிவிட வேண்டும் என்பது மேஸ்திரியின் சட்டம். வெயில் ஏறினால் மண் இறுகிவிடும். வேர் பாதியில் அறுந்து, மறுபடியும் தலைநீட்டும். அதனால் இருட்டு கலையும்போதே பெண்கள் வரிசையாகக் குந்தி, விரல்களை மண்ணுக்குள் விட்டுப் புல்லை வேரோடு உருவத் தொடங்கிவிடுவார்கள். உச்சியில் ஆரம்பித்துப் பின்பக்கமாகவே இறங்கி வர வேண்டும். தங்கள் காலடி பதிந்த இடத்தைத் தாங்களே கையால் தடவி அழிக்க வேண்டும். நகக்கண் கிழியாத பெண் ஒருத்திகூட அந்த வரிசையில் கிடையாது.

அது மண்ணையும் நீரையும் ஆராயும் நிலையம். வானம் பிய்த்துக்கொண்டு கொட்டும்போது எந்த நிலம் தாங்கும், எது கரைந்து ஓடும் என்று கண்டறிவது அதன் வேலை. குன்றின் சரிவைப் பாத்திகளாகப் பிரித்து, ஒன்றில் புல், ஒன்றில் செடி, ஒன்றில் வைக்கோல் மூடாக்கு என்று வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிமெண்டுத் தொட்டி. மழை விட்டதும் தொட்டியில் தங்கிய சேற்றை அள்ளி, உலர்த்தி, எடை போட வேண்டும். மூடிய நிலம் எவ்வளவு மண்ணைக் காப்பாற்றியது என்று சொல்ல, மூடாத நிலம் ஒன்றும் பக்கத்தில் வேண்டுமல்லவா? அதுதான் மொட்டைச் சரிவு. அங்கே ஒரு புல்கூட முளைக்கக் கூடாது.

சேற்றை எடை போடுகிறவளுக்குத் தராசு என்றே பெயர் நிலைத்துவிட்டது. மழை இல்லாத நாட்களில் அவளும் வரிசையில் குந்துவாள். அன்று விடியலில் அவளுக்கு இரண்டு கை தள்ளி அவளுடைய ஓர்ப்படி குந்தியிருந்தாள். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரே அடுப்பில் சமைத்த இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்தி ஒரு வாரமாகிவிட்டது.

ஆரம்பத்தில் மொட்டைச் சரிவு ஓர் ஓரத்தில் பாய் விரித்த அளவுக்குத்தான் இருந்தது. பிறகு நிதி வந்தது. பேய்மழையிலிருந்து மண்ணைக் காக்கும் ஆய்வுக்கென்று தூரத்து நகரத்துக் குழு ஒன்று அள்ளிக் கொடுத்தது. பெட்டி பெட்டியாகக் கருவிகள் இறங்கின. கருவி அளக்கும்போது ஆள் எதற்கு என்று கூலி இறங்கியது. நிதி தொடர வேண்டுமானால் வித்தியாசம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்றது குழு. இயக்குநர் மொட்டைச் சரிவைக் குன்றின் நடுவுக்குக் கொண்டுவந்து, உச்சிவரை அகலமாக்கினார். பாதையிலிருந்து பார்த்தால் அந்த இடம்தான் நன்றாகத் தெரியும். அதற்கு நேர் கீழேதான் தொழிலாளர் வீடுகள், முதுகைச் சரிவுக்குக் காட்டிக்கொண்டு ஒட்டி ஒட்டி நின்றன. தங்கள் கூரைக்கு மேலிருந்த மண்ணின் பிடியைத் தங்கள் விரலாலேயே தளர்த்த, அவர்களுக்குக் கூலி கிடைத்தது.

வீடுகளின் பின்சுவருக்கும் சரிவுக்கும் நடுவே ஒரு மண்கரை. அதில் அடர்ந்திருந்த புல்லை மட்டும் பிடுங்கக் கூடாது. குழு பார்வையிட வந்த காலையில் மேஸ்திரி தொண்டை கிழியக் கத்தினார், பச்சையாக எதுவும் கண்ணில் படக் கூடாது என்று. வரிசை வேகமாக இறங்கியது. பழகிய கைகள் சரிவு முடிந்ததும் நிற்கவில்லை. கரையிலும் புகுந்து சுத்தமாக வழித்துவிட்டன. முடித்து நிமிர்ந்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்தது. தன் வீட்டுக்கு நேர் பின்னால் குந்தியிருந்த தராசுக்குக் கடைசிக் கொத்தின் கனம் கையிலேயே தங்கிவிட்டது. மண்ணை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு வந்த வேர் அது.

அடுத்து வந்த சின்ன மழைக்கே கரை சரிந்தது. பின்சுவர் உள்பக்கமாக விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த அவளுடைய கொழுந்தன் நெட்டையின் காலை நசுக்கியது. இப்போது காலில் இரும்புக் கம்பிகளோடு கட்டிலில் கிடந்தான். அன்றிலிருந்துதான் நெட்டையின் மனைவி, அதாவது ஓர்ப்படி, தராசின் முகத்தைப் பார்ப்பதில்லை. தராசின் கணவன் வெளியூரில் கட்டட வேலையில் இருந்தான். ஆக, அந்த வீட்டில் சம்பாதித்த கைகள் இந்த இருவருடையவைதான்.

பொழுது ஏறியும் வெளிச்சம் ஏறவில்லை. காற்று சுத்தமாக நின்றுவிட்டது. வானம் பழைய செம்புப் பாத்திரம்போல் களிம்பேறிக் கிடந்தது. பெரும்புயல் கரையேறுகிறது, இரவுக்குள் மழை பிடிக்கும் என்று எல்லார் கைப்பேசியும் காலையிலிருந்து அலறிக்கொண்டிருந்தது. உச்சியில் குறுக்காக ஓடிய விரிசலைத் தராசு தொட்டுப் பார்த்தாள். நேற்று விரல் நுழைந்த இடத்தில் இன்று கை நுழைந்தது. உள்ளே மண் ஈரமாக, சில்லென்று இருந்தது.

இயக்குநர் ஜீப்பில் வந்து இறங்கியபோது அவர் முகத்தில் கல்யாணக் களை. மேஸ்திரி எல்லாரையும் கூட்டினார். தொட்டிகளைக் கழுவி வையுங்கள், மிச்சமிருக்கும் புல்லையும் எடுத்துவிடுங்கள், பிறகு ஒருவரும் சரிவில் கால் வைக்கக் கூடாது என்றார் இயக்குநர். பயப்படுகிறவர்கள் இன்றிரவு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்க்கொள்ளலாம் என்றும் பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் எல்லாம் அதே வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் முணுமுணுத்தது. இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். கருவிக் கிடங்கைத் திறந்துவிட முடியுமா என்று மேஸ்திரி தயங்கித் தயங்கிக் கேட்டார். ஈரக்காற்று பட்டால் கருவி கெட்டுவிடும் என்று பதில் வந்தது.

தராசு முன்னால் வந்தாள். உச்சியில் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஓடைப் பக்கம் திருப்பிவிடலாம், சரிவுக்கு வைக்கோல் போட்டு மூடிவிடலாம், இருட்டுவதற்குள் பெரும்பகுதி முடிந்துவிடும் என்றாள். புதிதாக எதையும் அவள் சொல்லவில்லை. பக்கத்துப் பாத்திகளில் நிலையமே செய்து காட்டியதுதான்.

"எனக்குத் தெரியாதாம்மா?" என்றார் இயக்குநர். "இந்த மாதிரி ஒரு மழைக்குத்தான் வருஷக்கணக்கா காத்திருக்கோம். இன்னிக்கு இதை மூடினா கணக்கு போச்சு. கணக்கு போனா நிதி போச்சு. அப்புறம் நிலையத்துக்குப் பூட்டுதான். என் வேலையும் உங்க வேலையும் ஒண்ணாவே போகும். யோசிச்சுப் பேசு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அது பயமாக இருந்தது. கூட்டத்தில் சிலர் தலையைக் குனிந்தார்கள். பூட்டிய நிலையத்தை நினைத்ததும் இருக்கிற அரைக்கூலியும் பெரிதாகத் தெரிந்தது.

"மண்ணு எவ்வளவு போச்சுன்னு நாளைக்கு எடை போட்டுச் சொல்லிடுவேன் சார்," என்றாள் தராசு. "வீடு போனா அது எந்தத் தொட்டியில வந்து சேரும்?"

இயக்குநரின் முகம் கறுத்தது. சரிந்து கிடந்த கரையை நோக்கிக் கையை நீட்டினார்.

"அந்தச் சுவர் எதனால விழுந்துச்சு? என்னோட ஆராய்ச்சியாலயா? கரையில இருந்த புல்லைப் பிடுங்கினது யாரு? குழுவுக்கு நான் பதில் சொல்லியாகணும். ஒரே ஒரு ஆளோட கவனக்குறைவுன்னு சொல்லி, அந்த ஆளை வேலையிலிருந்து அனுப்பிட்டு இதோட முடிச்சுக்கிறேன். மத்தவங்க வேலைக்கு நான் பொறுப்பு. சொல்லுங்க, யாரு?"

எல்லாருக்கும் தெரியும், அன்று கரையில் அந்தச் சுவருக்கு நேரே குந்தியிருந்தது யாரென்று. வேலை போனால் நெட்டையின் காலுக்கு மருந்தில்லை. வாயைத் திறக்காவிட்டால் இந்தக் கேள்வி ஒவ்வொருவர் தலையிலும் மாறி மாறி உட்காரும். தராசு ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"நான்தான் சார் பிடுங்கினேன்."

சொன்னது ஓர்ப்படி. ஒரு வாரமாக வீட்டில் பாத்திரத்தோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தவள், இடுப்புச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தராசின் பக்கத்தில் வந்து நின்றாள். இயக்குநர் ஏறிட்டுப் பார்த்ததும் குரல் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

"என் புருஷன் கால் மேல விழுந்த சுவரு அது. அது விழறதுக்கு நானும்தான் புல்லு பிடுங்கினேன். வரிசையில எல்லாரும்தான் பிடுங்கினோம். பிடுங்குறதுக்குத்தானே சார் கூலி கொடுத்தீங்க? எது வரைக்கும்னு கைக்கு எப்படித் தெரியும்?"

"நானும் பிடுங்கினேன்," என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. இன்னொருத்தி கையைத் தூக்கினாள். மேஸ்திரி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பச்சையே கண்ணில் படக் கூடாது என்று கத்தியது தான்தான் என்றும், அப்படிக் கத்தச் சொல்லித் தனக்கு மேலிருந்து உத்தரவு வந்தது என்றும், ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்தபடி சொன்னார். அந்த ஆள் வாயிலிருந்து அவ்வளவு மெதுவான குரல் அதுவரை வந்ததில்லை.

தராசு ஓர்ப்படியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள்.

"ஏன்டி, மண்வெட்டி எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"கொண்டாறேன்க்கா."

அதற்குப் பிறகு கூட்டம் பேசவில்லை, வேலை பேசியது. ஆண்கள் மண்வெட்டியோடு உச்சிக்கு ஏறி, விரிசலுக்கு மேலே குறுக்காக வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்கள். விரிசலுக்குள் களிமண்ணை அடைத்து மிதித்தார்கள். வைக்கோல் போர் மொட்டைச் சரிவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பெண்கள் கைக்குக் கை மாற்றிக் கட்டுகளைக் கடத்தினார்கள். வருஷக்கணக்கில் தடம்கூடப் படாமல் இறங்கிய மண்ணில் அன்று அத்தனை பேரும் கால் அழுந்த நடந்தார்கள். வைக்கோல் தூசி மூக்கில் ஏறியது. தும்மிக்கொண்டே கயிறு இழுத்து, முளை அடித்து, மூடாக்கை இறுக்கினார்கள்.

சரிவைவிட்டு விலகியிருந்த எடைபோடும் அறையின் சாவி தராசின் இடுப்பில்தான் இருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. உலர்த்தும் தட்டுகளை ஒதுக்கிவிட்டுக் கீழ்வீட்டுக் குழந்தைகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள். நெட்டையை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். கதவு குறுகல். கட்டிலைச் சாய்த்து நுழைத்தபோது வலியில் பல்லைக் கடித்தவன், உள்ளே பெரிய தராசைக் கண்டதும் சொன்னான்.

"அண்ணி, என்னைக் காய வெச்சு எடை போட்டுடாதீங்க."

"உன்னைக் காய வெச்சா கம்பி மட்டும்தான்டா மிஞ்சும்," என்றாள் அவள். ஒரு வாரத்தில் ஓர்ப்படி சிரித்தது அப்போதுதான்.

இயக்குநர் ஜீப்புக்குள் உட்கார்ந்து யாரிடமோ கைப்பேசியில் மன்றாடிக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி வந்து சரிவின் அடியில் நின்றார். பாதிக்கு மேல் மஞ்சளாகிவிட்ட மண்ணைப் பார்த்த அவர் கண்ணில் கோபத்தைவிடக் கிலிதான் அதிகம் தெரிந்தது.

"நாளையிலிருந்து ஒருத்தரும் வேலைக்கு வர வேண்டாம்," என்றார். "குழுகிட்ட நடந்ததை அப்படியே சொல்லப்போறேன்."

கட்டு கடத்திய கைகள் ஒரு கணம் நின்றன. மேலே குன்றுக்குப் பின்னால் ஏதோ உருளும் ஓசை எழுந்தது. இடியா, காற்றா என்று தெரியவில்லை. வெகு தூரத்தில் வானத்துக்கும் நிலத்துக்கும் நடுவே கருந்திரை ஒன்று இறங்கி, அவர்களை நோக்கி நகரத் தொடங்கியது. வாய்க்கால் இன்னும் ஓடையைத் தொடவில்லை. இது தாங்கும் என்று அங்கே யாராலும் சத்தியம் செய்ய முடியாது.

தராசு தோளில் இருந்த வைக்கோல் கட்டை ஓர்ப்படியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"குழு வரட்டும் சார், நாங்களும் பேசணும். நாளைக்கும் வருவோம். மழை எப்படி இருந்தாலும் எல்லாரும் இங்கதான் இருப்போம்."

முதல் துளிகள் வைக்கோலில் பட்டுப் படபடத்தன. உச்சியிலிருந்து மேஸ்திரி, வாய்க்காலுக்கு இன்னும் ஆள் வேண்டும் என்று குரல் கொடுத்தார். வரிசை கலைந்தது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்து, அத்தனை பேரும் மேலே ஏறினார்கள்.