திறப்பு விழாவில் உட்கார்ந்தவர்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தையல் கடையில் கிடைத்தது. தஞ்சாவூர் கீழவாசலில் சட்டைக் காலரைத் திருப்பித் தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். காஜா எடுத்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தபோது இடது காலைச் சற்று இழுத்து நடந்தாள். பெயர் ஜெயா. எதிர்ச் சுவரில் புறவழிச்சாலைப் பெரிய கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம் ஒட்டியிருந்தது. பேச்சுக்கு, “அங்கே கூட்டம் அள்ளுதாமே?” என்றேன்.

“அந்தக் கடை தெறந்த அன்னிக்கு வாசல்ல பன்னீர் தெளிச்சது நான்தான் சார். அன்னிக்குத்தான் கால் போச்சு.”

“கூட்டத்துல மிதிச்சுட்டாங்களா?”

“மிதிச்சாங்க. பாதியில நின்னுது. நிறுத்துனது ஒரு அம்மா. நீங்க எழுதுறவராமே, அவங்களப் பத்தி எழுதுங்க. என்னைப் பத்தி எழுதுனா பாவம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பக்கத்தைத் திருப்பிடுவாங்க.”

எனவே இது ஜெயாவைப் பற்றிய கதை அல்ல. அப்படித்தான் தொடங்கினேன்.

2

முதல் தொடக்கம்: “வெண்ணாற்றுக்கு அப்பால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சைப் பசேலென்று”

(நிறுத்திவிட்டேன். அந்த வயலில் இறங்கிக் களை பறித்த யாரும் அதைப் பச்சைப் பசேல் என்று சொல்லி நான் கேட்டதில்லை.)

இரண்டாவது தொடக்கம்: “பாதி விலை என்ற இரண்டு சொற்கள் மனிதனை என்னவாக ஆக்குகின்றன என்பதைச் சிந்திக்கும்போது”

(இது மேடைப் பேச்சு. மேலும், அந்தக் கூட்டத்தில் நான் இருந்திருந்தால் முன்வரிசையில் நின்றிருப்பேன்.)

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அரசாங்கம் வீடு வீடாகக் கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. புறவழிச்சாலை வந்ததும் அதை ஒட்டிய நிலத்தின் விலை ஏறியது. ஜெயா சொன்ன அந்த அம்மா மங்களாம்பிகையும் அவர் கணவர் வீரையனும் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த வயலை, சென்னையில் குடியிருந்த நிலத்துக்காரர் விற்றுவிட்டார். அவர்களோடு சேர்த்து அந்தத் தெருவில் பல குடும்பங்களுக்கு வயல் போனது. நட்ட பயிர் நிற்கும்போதே லாரியில் கிராவல் கொண்டுவந்து கொட்டினார்கள். தெருவே திரண்டு போய்ச் சாலையில் உட்கார்ந்தது. போலீஸ் தூக்கியது, வழக்குப் போட்டது. வழக்கு இழுத்துக்கொண்டே போக, கடைசியில் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். அதே இடத்தில் கடை எழும்பியது.

திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் தெருக்கூட்டம் நடந்தது. முதலில் பேசியவர் நாகம்மாள். மறியலில் குரல் கொடுத்தவரும் அவர்தான். “நம்ம தெருவுல ஒரு சனம் அந்தப் படி மிதிக்கக் கூடாது. சும்மா குடுத்தாலும் வாங்கக் கூடாது” என்றார். எல்லோரும் சரி என்றார்கள். மங்களாம்பிகையும் சொன்னார்.

3

ஆனால் போனார். இங்கேதான் என் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஏன் போனார்? மகளுக்குக் கல்யாணம், சீர் வரிசைக்கு ஒரு குக்கர் வேண்டும், கையில் வசதி இல்லை என்று எழுதினேன். நன்றாகவே வந்தது. அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு மங்களாம்பிகையின் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன்.

“எனக்கு ரெண்டும் பசங்க தம்பி” என்றார்.

“கதைக்காக...”

“மக இருந்தாதான் நான் போனது சரியாகுமா? பாதி விலைக்குக் குக்கர்னு ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்லிட்டுப் போனான். ஆசை வந்துச்சு. உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும்னும் இருந்துச்சு. நம்ம வயலு இருந்த எடமில்லையா? போனேன்.”

(மகளை அடித்துவிட்டேன். அவளுக்கு வள்ளியம்மை என்று பெயர்கூட வைத்திருந்தேன்.)

4

காலையிலேயே வாசலில் தார்ச்சாலை வரைக்கும் கூட்டம். முதலில் வருகிறவர்களுக்குத்தான் குக்கர் என்பதால் வரிசை என்று ஒன்று இல்லை. ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கியதுமே முன்னால் நின்றவர்கள் குனிந்து நுழைந்தார்கள். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். மங்களாம்பிகை எப்படி உள்ளே போனார் என்று அவருக்கே தெரியாது. “கால் தரையில இல்ல தம்பி. வெள்ளம் கொண்டுபோற மாதிரி கொண்டுபோய் விட்டுது.”

குக்கர் அடுக்குக்கு எதிரிலேயே கொண்டுபோய் விட்டது. ஒரு பெட்டியைப் பிடித்தார். அதே பெட்டியின் மறுமுனையை இன்னொரு கை பிடித்தது. முந்தானையால் தலையை மூடி, முகத்தைப் பாதி மறைத்திருந்த அந்தப் பெண்ணை மூக்குத்தி காட்டிக்கொடுத்தது. நாகம்மாள்.

நாகம்மாள்தான் முதலில் கையை எடுத்தார்.

(இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதி, பிறகு நீக்கினேன். வெட்கத்தைப் பற்றிய பத்தி. கையை எடுத்ததே போதும்.)

அப்போதுதான் வாசல் பக்கம் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. சந்தனத் தட்டும் பன்னீர்ச் செம்புமாக நின்ற ஜெயாவைக் கூட்டம் கீழே தள்ளியிருந்தது. பன்னீர் கொட்டிய தரையில் அடுத்து வந்தவர்களும் வழுக்கி அவள் மேல் விழுந்தார்கள். வெளியே நின்றவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கால்களுக்கு நடுவே கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை மட்டும் மங்களாம்பிகைக்குத் தெரிந்தது.

“நில்லுங்க! பொண்ணு கெடக்குது, நில்லுங்க!”

யாரும் நிற்கவில்லை. நிற்க முடிந்தவர்களும் தள்ளப்பட்டார்கள். அப்போது அவருக்குப் பின்னாலிருந்து, சாலை மறியலில் போலீஸ் வண்டியைக் கண்டதும் எழும்பும் அதே குரல் எழும்பியது.

“உக்காரு! எல்லாம் உக்காரு!”

நாகம்மாள் தலையில் இருந்த முந்தானை விழுந்துவிட்டது. மங்களாம்பிகை அந்த இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தார். நாகம்மாள் உட்கார்ந்தார். இரண்டு அலமாரிக்கு அப்பால் எல்லையம்மாள் உட்கார்ந்தாள். வாசல் ஓரத்தில் இன்னும் இரண்டு பேர். எல்லோரும் அந்தத் தெரு. படி மிதிக்க மாட்டோம் என்று சொன்னவர்கள். உட்கார்ந்தபடியே நகர்ந்து போய், ஜெயாவைச் சுற்றிக் கைகோத்துக்கொண்டார்கள். நிற்கிற ஆளைத் தள்ளிவிட்டுப் போகலாம். உட்கார்ந்திருக்கிற ஆட்களைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டுவதற்குக் குனிந்து பார்க்க வேண்டும். பார்த்தவர்கள் நின்றார்கள். சிலர் தாங்களும் உட்கார்ந்தார்கள். கூட்டம் அப்படித்தான் அடங்கியது.

5

இங்கே கதையை முடித்துவிடலாம் என்று ஒரு ஆசை இருந்தது. “அன்று அந்தக் கடையில் மனிதம்” என்று ஒரு வாக்கியம் தொடங்கி

இல்லை. மேலாளர் துரைராசு ஓடிவந்தார். தரையில் உட்கார்ந்திருந்த முகங்கள் அவருக்குத் தெரியும். கிராவல் கொட்ட வந்த லாரியை மறித்த முகங்கள். “தெறப்பு விழாவக் கெடுக்கணும்னே வந்திருக்காளுங்க” என்று போலீசுக்குப் போன் செய்தார்.

ஆம்புலன்சும் போலீஸ் வேனும் ஒன்றாக வந்தன. வந்த ஏட்டும் அவர்களை அறிவார். “என்னம்மா, இங்கயும் மறியலா?”

ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஜெயா தலையைத் தூக்கினாள். “சார், அவங்க உக்காரலைன்னா நான் செத்திருப்பேன் சார்.”

“வலியில உளறுது. கொண்டுபோங்க” என்றார் துரைராசு.

“உளறல சார். நீங்கதான் ஷட்டரப் பாதியோட நிறுத்தச் சொன்னீங்க.”

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காலுக்குக் கம்பி வைத்தார்கள். கால் ஊன்ற முடிந்ததும் வேலைக்குப் போனாள். அவள் இடத்தில் வேறொரு பெண் பன்னீர்ச் செம்போடு நின்றாள்.*

(* ஷட்டரைப் பற்றிய அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் வேலை இருந்திருக்குமே என்று கேட்டேன். “இருந்திருக்கும். அந்த வாசல்லயே நின்னு தெனம் வாங்க வாங்கன்னு சொல்லணுமே” என்றாள் ஜெயா. இது அவளைப் பற்றிய கதை அல்ல என்று முதலில் எழுதியதை நான் திருத்தவில்லை. நீங்களே திருத்திக்கொள்ளலாம்.)

6

பெண்களை வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். சாயங்காலம் விட்டுவிடுவார்கள், அது எல்லோருக்கும் பழக்கம். ஜமுக்காளத்தில் உட்கார்ந்த பிறகுதான் எல்லையம்மாள் பார்த்தாள்.

“அக்கா, மடியில என்னக்கா?”

குக்கர் பெட்டி. உட்கார்ந்தபோதும், தூக்கியபோதும், வேனில் ஏறியபோதும் மங்களாம்பிகை அதை விடவே இல்லை. போலீஸ்காரர்களும் கேட்கவில்லை.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நாகம்மாள் சிரிக்கவில்லை.

“வச்சுக்க மங்களம். நம்ம நெலத்துக்கு ஒரு குக்கராவது வந்துச்சுன்னு இருக்கட்டும்.”

“வேண்டாங்க்கா. இத வச்சுக்கிட்டா, அதுக்கு இது சரியாப் போச்சுன்னு ஆயிடும்.”

பிறகு நாகம்மாள், “நானும்தானே வந்தேன்” என்றார். யாரும் அவரை எதுவும் கேட்டிருக்கவில்லை.

7

மறுநாள் மங்களாம்பிகை மீண்டும் அந்தப் படியை மிதித்தார். அன்று கூட்டம் இல்லை. வாசல் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெட்டியோடு பில் போடும் இடத்தில் போய் வரிசையில் நின்றார். இடுப்பில் சுருக்குப் பை இருந்தது. பாதி விலைக்குத் தேவையானது அதில் இருந்தது. வாங்கிவிட்டால் அது அவருடைய குக்கர், யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. திருப்பி வைத்துவிட்டால் நேற்று வந்ததே வராததாகிவிடும் என்றும் அவருக்குத் தோன்றியது.

முறை வந்தது. பில் போடும் பெண் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்: “பில் போடவாம்மா, ரிட்டனா?”

வாங்கியதாக ஒரு முடிவு எழுதினேன். அவர் தோற்றுப்போனவர் போலத் தெரிந்தார். திருப்பி வைத்ததாக எழுதினேன். சிலை போலத் தெரிந்தார். இரண்டையும் வாசித்துக் காட்டினேன். எது நடந்தது என்று எனக்குச் சொன்னார். அதை எழுதக் கூடாது என்றும் சொன்னார்.

“ஏன்?”

“எழுதுனா, படிக்கிறவங்க என்னை நல்லவன்னோ கெட்டவன்னோ ஒரு பக்கமா வச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க. கொஞ்ச நேரம் நிக்கட்டுமே தம்பி.”

ஆகவே அவர் இன்னும் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி நிற்கிறார். வரிசையில் அவருக்குப் பின்னால், கூடையோடு நிற்பது நீங்கள். உங்களுக்குப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளத் தொடங்குகிறார்கள்.