இரண்டாம் தாரத்துக்கு ஞானஸ்நானம்

சபைக்குப் பாதிரியான ஐயர் வருவதற்கு எட்டு நாள் இருக்கும்போது, ஊரில் வேதம் படிப்பிக்கிற உபதேசியார் வேதமுத்து பேர்ப்பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமான ஏழு பேரில் மூத்தவள் கனியின் பேர் இருக்கிறது, இளையவள் தங்கத்தாயின் பேர் இல்லை என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

தங்கத்தாய் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"அக்கா பேரு இருக்கு, எம்பேரு இல்லியா?"

"இல்ல தாயி."

"அவளுக்கு விசுவாசப் பிரமாணத்துல பாதிக்கு மேல வராது. அந்தப் பாதியும் நாஞ் சொல்லிக் குடுத்தது."

"ஏளா, நான் இங்கனதான இருக்கேன்!" என்று அடுக்களைக்குள்ளிருந்து கனி குரல் கொடுத்தாள். "எனக்கு முக்கால்வாசி வரும்."

வேதமுத்து சிரிக்கவில்லை. சுற்றுச் சபைகளையெல்லாம் நடத்துகிற சேகரக் கமிட்டியின் சட்டத்தை விளக்க ஆரம்பித்தார். இரண்டு பெண்டாட்டிக்காரனுக்கு ஞானஸ்நானம் கிடையாது. ஆனால் அவனுடைய மூத்த மனைவிக்கு உண்டு, அவள் முறையாகத் தாலி வாங்கியவள். இளையவளுக்கும் உண்டு, அவனை விட்டுப் பிரிந்து வந்தால்.

"எனக்கும் ஊரைக் கூட்டித்தான தாலி கட்டினாவ?"

"கட்டினாவதான்."

"நீங்க ஞாயித்துக்கிழம சொல்லுத வேதக் கதையில வார பெரியவுகளுக்கெல்லாம் ரெண்டு மூணு பெண்டாட்டி இருந்தாளே?"

வேதமுத்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "அது அந்தக் காலம் தாயி" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே அது சரியாகப் படவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

விஷயம் என்னவென்றால், இந்த இரண்டாவது கல்யாணமே கனி செய்துவைத்ததுதான். புருசன் அப்பாத்துரைக்கு ஏரலுக்கு மேற்கே ஆற்றோரமாக வெற்றிலைக் கொடிக்கால். கனியைக் கட்டி ஒன்பது வருஷம் பிள்ளையில்லை. கனியே தாய்மாமன் வீட்டுக்கு நடந்துபோய், மாமன் மகள் தங்கத்தாயைப் பெண்கேட்டுக் கூட்டிவந்தாள். அடுத்த வருஷமே இசக்கிமுத்து பிறந்தான். இரண்டு பேருக்கும் ஒரே பிள்ளை. மூன்று வயசில், ஆற்றில் புதுவெள்ளம் வந்த மாசம், வாந்திபேதியில் ஒரு பகல்பொழுதுக்குள் போய்விட்டான்.

சுடலைமாடசாமி கோபித்துக்கொண்டார் என்றாள் கனி. ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்ததால் வந்தது என்றான் அப்பாத்துரை. பிள்ளை இப்போது எங்கே இருக்கிறான் என்று தங்கத்தாய் கேட்டதற்கு, "மண்ணுல" என்றான். அவன் பொய் சொல்லமாட்டான், அதுதான் அவனோடு பெரிய தொல்லை. துக்கம் கேட்க வந்த வேதமுத்து மட்டும் வேறு ஒன்று சொன்னார். "சின்னப் பிள்ளையில்லா, ஆண்டவர் மடியிலதான் இருப்பான். நீ அவரண்ட போனியன்னா பாக்கலாம்."

அவ்வளவுதான். அன்றையிலிருந்து தங்கத்தாய்க்கு அந்த ஒரே எண்ணம். அவன் இருக்கிற பக்கம் போகவேண்டும், போவதற்கு வாசல் ஞானஸ்நானம். எழுத்துக் கற்றாள், ஆண்டவரின் கட்டளைகளான கற்பனைகள் பத்தையும் மனப்பாடம் செய்தாள். துணைக்கு வந்த கனி பாட்டுப் பிடித்துப்போய்த் தானும் உட்கார்ந்துவிட்டாள். இப்போது பாட்டுக்காக வந்தவளுக்கு வாசல் திறந்திருக்கிறது, பிள்ளையைத் தேடி வந்தவளுக்கு அடைத்திருக்கிறது. இது எந்தக் கணக்கு என்று தங்கத்தாய்க்கு விளங்கவேயில்லை.

"ஒரு வழி இருக்கு" என்றார் வேதமுத்து பைய. "பின்கட்டுல உனக்குன்னு தனி அடுப்பு. தனி உலை. அண்ணாச்சி சபைக்கு முன்னால நின்னு, 'இவ எனக்குப் பெண்டாட்டி இல்ல, எம் வீட்டுல இருக்கிற சொந்தக்காரி'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா, ஐயர் ஏத்துக்கிடுவாரு."

கனி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "இம்புட்டுத்தானா? இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய?" அன்று சாயங்காலத்துக்குள் களிமண் குழைத்துப் பின்கட்டில் அடுப்புப் போட்டும் விட்டாள்.

கொடிக்காலிலிருந்து திரும்பிய அப்பாத்துரை ஈர அடுப்பைப் பார்த்தான். கதையைக் கேட்டான். பதில் கேட்க மறுபடி வந்திருந்த வேதமுத்துவை இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தான்.

"உபதேசியாரே, பொய் சொல்லக்கூடாதுன்னு ஒரு கற்பனை இருக்குன்னு இவ தெனமும் படிக்காளே, அது எத்தனாவது?"

"ஒம்பதாவது அண்ணாச்சி."

"அப்ப அத என் வாயில போட்டு ஒடைக்கப் பாக்கீரோ?"

"அண்ணாச்சி, நீருதான் எதையுமே நம்பாத ஆளாச்சே. உமக்கு என்ன வே நட்டம்?"

"நம்பாதவன்னா பொய் சொல்லலாமோ? நல்லா இருக்கு வே ஒம்ம சட்டம். நம்புதவனுக்கு ஒரு வாயி, நம்பாதவனுக்கு ஒரு வாயா?"

அப்பாத்துரையை ஊருக்கே தெரியும். முன்பு ஒரு வரப்புத் தகராறில் சாட்சி சொல்லப் போனவன், கோர்ட்டில் 'கடவுள் முன்னிலையில்' என்று சொல்லமாட்டேன் என்று நின்றுவிட்டான். "இல்லாத ஆள் முன்னால எப்படிச் சொல்ல? என் முன்னால சொல்லுதேன், எழுதிக்கிடுங்க" என்றானாம். கோயில் கொடைத் திருவிழாவுக்கும் போகமாட்டான், வேதக்கோயில் அசன விருந்துக்கும் போகமாட்டான். இரண்டு பக்கத்தாரும் அவனை ஒரே மாதிரி ஏசுவார்கள், அந்த ஒரு விஷயத்தில் ஊர் ஒற்றுமை. ஆனால் பெண்டாட்டிகள் வேதத்துக்குப் போவதை அவன் ஒருநாளும் தடுத்ததில்லை. "எங்கன வேணாப் போங்க, யாரை வேணாக் கும்பிடுங்க. என்னை மட்டும் இழுக்காதிய" என்பான்.

இப்போது இழுத்துவிட்டார்கள்.

அன்று ராத்திரிச் சோறு யாருக்கும் இறங்கவில்லை. தங்கத்தாய் கேட்டாள்: "ஒரே ஒரு வார்த்த. எனக்காவ சொல்ல மாட்டியளா?"

"நீ எம் பெண்டாட்டிதான?"

"ஆமா."

"பொறவு இல்லன்னு எப்படிட்டீ சொல்ல?"

"பிள்ளையப் பாக்கணும்னு கேக்கேன். அதுக்கும் இல்லங்கியளா?"

அப்பாத்துரை தட்டைத் தள்ளிவைத்தான். எழுந்து வெளியே போய்விட்டான். விடிந்ததும் ஸ்ரீவைகுண்டத்துக்கு நடந்துபோய், முன்பு அந்த வரப்பு வழக்கை நடத்திய வக்கீலைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினான். வந்தவன் முகம் போனதைவிடக் குழம்பியிருந்தது.

"என்ன சொன்னாரு?" என்றாள் கனி.

"நான் எந்தச் சாமியையும் கும்பிடலன்னேன். 'கும்பிடாட்டா என்ன? நீ வேதக்காரன் இல்ல, சாயபு இல்ல, அப்ப இந்துதான்'ங்காரு. நான் ஒண்ணுமே இல்ல ஐயான்னேன். ஒண்ணுமே இல்லாதவனுக்குன்னு தனியா ஒரு சட்டம் இருக்காம், அதுல ஒரு பெண்டாட்டிக்கு மேல கட்ட முடியாதாம். நீ தாலி கட்டுன ஆளு, ஒனக்கு அது இல்ல, இந்துவாவே இருந்துக்கோங்காரு. இருந்துக்கோன்னா? நான் என்ன வாடகைக்கா இருக்கேன்?"

"அத விடுங்க. எங் காரியம் என்ன?" என்றாள் தங்கத்தாய்.

"வெள்ளக்காரன் சட்டத்துல ரெண்டு கலியாணமும் செல்லுமாம். ஆயிரம் பேரு முன்னால இல்லன்னு சொன்னாலும் சட்டத்துக்கு நீ பெண்டாட்டிதானாம்."

"அப்ப சொல்லுங்க! சொன்னாலும் கலியாணம் போவாதுல்லா!"

"இன்னும் கேளு. நீங்க வேதத்துல சேந்த பொறவு, அந்தக் காரணத்துக்காவ நான் சேந்து வாழமாட்டேன்னு ஒங்கள வெரட்டுனா, கோர்ட்டுல போயி கலியாணத்தத் தீத்துக்கிடலாமாம். நான் வெரட்டாட்டி ஒண்ணும் செய்ய முடியாதாம்."

கனி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "அப்ப சட்டத்துக்கு இவ பெண்டாட்டி, சபைக்கு இல்ல. நல்லவனா நடந்துகிட்டா விடமாட்டாவ, கெட்டவனா நடந்துகிட்டா விடுவாவ. எனக்குக் கோட்டி பிடிச்சிருமோன்னு இருக்கு."

தங்கத்தாய்க்கு ஏற்கெனவே பிடித்துவிட்டது போலத்தான் இருந்தது. அந்த எட்டு நாளும் அவள் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் சாய்ந்தாள். திங்கள்கிழமை, இந்த மனுசனை விட்டுவிட்டு மெய்யாகவே பிரிந்து போய்விடலாம் என்று தோன்றியது. போனால் எங்கே போக, அப்பன் செத்து வீடும் போயாயிற்று. புதன்கிழமை, ஐயர் மேல் கோபம் வந்தது. வெள்ளிக்கிழமை ஆண்டவர் மேலேயே வந்தது, உடனே பயந்துபோய் மூன்று தடவை ஜெபம் செய்தாள். சனிக்கிழமை அப்பாத்துரை மேல் வந்த கோபம்தான் பெரிசு. சாமியே இல்லை என்கிறவனுக்கு எதற்கு இத்தனை நேர்மை? யாருக்குக் காட்ட?

அன்று மத்தியானம் வேதமுத்து வந்து கடைசியாக ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "அண்ணாச்சி ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஐயர் கேக்கும்போது வாயத் தொறக்காம நின்னாப் போதும். மௌனம்னா சம்மதம்னு நான் எழுதிக்கிடுதேன்." அப்பாத்துரை மறுபடி கொடிக்காலுக்கே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வில்வண்டியில் ஞானசிகாமணி ஐயர் வந்து இறங்கினார். வெள்ளை அங்கி, களைத்த முகம், எட்டுக் கிராமத்துக்கும் அவர் ஒருவர்தான். ஓலைக்கோயில் நிறைந்திருந்தது. ஆயத்தக்காரர்கள் முன்னால் பாயில் உட்கார்ந்தார்கள். தங்கத்தாயும் உட்கார்ந்தாள், அவளை யாரும் எழுப்பவில்லை. திரும்பிப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே, வெளுத்த வேட்டியோடு அப்பாத்துரை நின்றுகொண்டிருந்தான். வருவான் என்று அவள் நினைக்கவேயில்லை.

"உள்ள வாரும்" என்றார் ஐயர்.

"இங்கனயே நிக்கேன் ஐயா. உள்ள வந்தா, இவனும் சேந்துட்டான்னு எழுதிப்போடுவாவ."

பாயில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஐயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பட்டியலைப் பார்த்தார். வேதமுத்து காதில் ஏதோ சொன்னார். ஐயர் நிமிர்ந்தார்.

"அப்பாத்துரை, உம்மைக் கட்டாயப்படுத்த எனக்கு அதிகாரமில்ல. ஒரே ஒரு கேள்வி. இந்தத் தங்கத்தாய் உமக்கு என்ன வேணும்?"

 அப்பாத்துரை வாசல்படிக்கு ஒரு எட்டு நெருங்கி வருவதைத் தங்கத்தாய் பார்த்தாள். பேசாமல் இரு, பேசாமல் இரு என்று அவள் மனசு கும்பிட்டது. பேசாமல் நின்றால் நான் யாருமில்லை என்று எழுதுவார்கள். எழுதட்டும். தண்ணீர் என் தலையில் விழும். நான் பிள்ளை இருக்கிற பக்கம் போய்விடுவேன். அங்கே போய் நின்று, இசக்கிமுத்து எங்கே என்று கேட்பேன். யாருடைய பிள்ளை என்று கேட்பார்களே.

அங்கேதான் அவளுக்கு எல்லாம் முட்டிக்கொண்டது. நான் அவருக்கு யாருமில்லை என்றால், இசக்கிமுத்து யாருக்குப் பிறந்தவன்? ஊர் என்ன சொல்லும்? அதை விடு, பிள்ளையின் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல? உன்னைப் பார்க்க வருவதற்காக உனக்கு அப்பன் இல்லையென்று சொல்லிவிட்டு வந்தேன் என்றா?

அப்பாத்துரை வாயைத் திறந்தான். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"அவுக எம் புருசன் ஐயா. இசக்கிமுத்துக்கு அப்பா."

வேதமுத்துவின் கையிலிருந்த பட்டியல் கீழே விழுந்தது. ஐயர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார்.

"இப்படிச் சொன்னா நான் உனக்குத் தண்ணி ஊத்த முடியாதும்மா."

"தெரியும் ஐயா."

"தெரிஞ்சுமா சொன்ன?"

"பொய் சொல்லிட்டு உள்ள வந்தா, அங்க என்னைய ஏத்துக்கிடுவாவளா?"

ஐயர் குனிந்து பட்டியலை எடுத்து மடித்தார். கடைசியில், "நான் பாளையங்கோட்டைக்கு, பிஷப்புக்கு எழுதிக் கேக்கேன்" என்றார்.

"என்னன்னு எழுதுவிய?"

"அதுதான் எனக்கும் தெரியல" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில், இந்த மனுசர் மேல் கோபப்படவும் அவளால் முடியவில்லை.

மற்ற ஏழு பேருக்கும் தண்ணீர் தெளித்தார். கனிக்குக் கிரேஸ் என்று பேர் வைத்தார். "என்ன பேரு?" என்று கனி இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். ஈரத்தலையோடு திரும்பித் தங்கத்தாயைப் பார்த்தவள், சிரிக்கவா அழவா என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாய்க்கால் கரையோடு வீட்டுக்கு நடந்தார்கள். அப்பாத்துரை முன்னால், தங்கத்தாய் பின்னால். கனியை வாழ்த்துச் சொல்ல ஆட்கள் பிடித்துக்கொண்டதால் அவள் வெகுதூரம் பிந்திவிட்டாள். வாழைத்தோப்பு தாண்டியதும் அப்பாத்துரை நின்றான்.

"ஏட்டி, நீ ஏன் முந்திக்கிட்ட?"

"நீங்க பெண்டாட்டின்னு சொல்லத்தான போனிய? அத நானே சொன்னா என்ன?"

"இல்ல."

"என்ன இல்ல?"

அவன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இவ எனக்கு யாருமில்லன்னு சொல்லத்தான் வந்தேன். சும்மா நின்னு ஏமாத்த எனக்குத் தெரியாது, வாயத் தொறந்தே சொல்லிரலாம்னு. நேத்துப் பூரா கொடிக்காலுக்குள்ள நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். ரெண்டு தடவ வரல. மூணாந்தடவ வந்துட்டு."

தங்கத்தாய் அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். "உங்களுக்குத்தான் அங்க ஒண்ணுமே இல்லையே. பிள்ள மண்ணுலதான இருக்கான்?"

"ஆமா. மண்ணுலதான் இருக்கான்."

"பொறவு எதுக்கு?"

"நீ அங்க இருக்கான்னு சொல்லுதியே" என்றான் அவன்.

அவனை அடிக்கவேண்டும் போல இருந்தது. அந்த நெஞ்சில் சாய்ந்து அழவேண்டும் போலவும் இருந்தது. தான் செய்தது சரிதானா, ஆண்டவர் கேட்டிருப்பாரா, இசக்கிமுத்து கேட்டிருப்பானா, ஒன்றுக்கும் பதில் வரவில்லை. பின்னால் கனி, "நில்லுங்க, நானும் வாரேன்!" என்று கத்தியது கேட்டது.

"ஐயர் இனி எப்ப வருவாரு?" என்றான் அப்பாத்துரை.

"நாலு மாசம் ஆவும்."

"அப்ப வந்து சொல்லட்டா?"

"வேண்டாம்" என்றாள் தங்கத்தாய். பத்தடி நடந்தாள். "தெரியல" என்றாள். இன்னும் பத்தடி போனபிறகு, "யோசிச்சுச் சொல்லுதேன், நடங்க" என்றாள்.