சுற்று வழி

விற்ற சரக்கு திரும்பி வந்தால் அதைக் கணினியில் எப்படி ஏற்றுவது என்று அவள் மூன்றாவது முறையாக விளக்க ஆரம்பித்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பேரும் அதை இப்போதுதான் கேள்விப்படுகிறவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டார்கள். பெரியண்ணன் தலையை ஆட்டினார். பில் அக்கா பேனா மூடியைக் கழற்றி மாட்டினாள். சத்தம் என்று எல்லோரும் கூப்பிடுகிற, வாயைத் திறந்தால் வெறும் காற்று வருகிற அந்த மனிதர் "ஓ" என்றார். அந்த ஓவில் கொஞ்சம் ஆச்சரியம்கூட இருந்தது. அரைத்த மாவையே அரைக்கிறோம் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் திரையில் அம்புக்குறியை மெல்ல நகர்த்தி, "இந்த இடத்துலதான் கவனமா இருக்கணும்" என்றாள். அந்த இடத்தில் அவர்கள் போன வாரமே கவனமாக இருந்து முடித்துவிட்டார்கள்.

தண்ணீர்க் குழாய், வால்வு, மோட்டார் உதிரி பாகங்கள் அடுக்கிய கிடங்கு அது. எங்கே நின்றாலும் ரப்பரும் கிரீஸும் கலந்து ஒரு வாசனை வரும். கணினியில் கைவைக்க வேண்டியவர்கள் இவர்கள் மூவர்தான். சரக்கை வாங்கி அடுக்குவது பெரியண்ணன், பில் போடுவது அக்கா, லாரியில் ஏற்றி அனுப்புவது சத்தம். பழைய மென்பொருளை நிறுத்திவிட்டுப் புதியதைக் கொண்டுவரும் வேலையைத் தலைமை அலுவலகம் அவள் தலையில் கட்டியிருந்தது. கிடங்கு கிடங்காகப் போக வேண்டும், சொல்லித்தர வேண்டும், தேர்வு வைக்க வேண்டும், தேறிவிட்டார்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்கு வண்டி ஏற வேண்டும். எந்த ஊருக்கு எத்தனை நாள் என்று திட்டம் போட்டதும் அவள்தான். மற்ற எல்லா இடத்துக்கும் ஒரு வாரம் போட்டவள், இந்த ஊருக்கு மட்டும் இரண்டு வாரம் போட்டாள். பழைய ஆட்கள், நேரம் பிடிக்கும் என்று காரணம் வேறு எழுதினாள். வந்து பார்த்தால் பழைய ஆட்கள் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் ஊதித் தள்ளிவிட்டார்கள். மாணவர்கள் கெட்டிக்காரர்களாக இருக்கிறார்களே என்று எரிச்சல்பட்ட வாத்தியார் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இந்த ஊரில் அவளுடைய மகள் இருந்தாள்.

அப்பாவோடும் அத்தையோடும் இருந்தாள். பிரிந்தபோது பிள்ளையை அவளிடமிருந்து யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. ஊர் ஊராகச் சுற்றுகிறவளோடு ஒரு குழந்தை எத்தனை பள்ளிக்கூடம் மாறும் என்று அவளேதான் கேட்டாள், அவளேதான் பதிலும் சொன்னாள். நியாயமான பதில். நியாயமாக இருந்துவிட்டதால் யார்மேலும் பழியைப் போட்டு அழக்கூட முடியவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும். சாப்டியா என்றால் ஒரு ம். நல்லாப் படிக்கிறியா என்றால் இன்னொரு ம். குழந்தைக்குப் பதின்மூன்று வயதாகிவிட்டது, அந்த 'ம்' மட்டும் வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டு வந்தது. போனை வைத்த பிறகு, தங்கியிருக்கிற அறை எந்த ஊரில் இருந்தாலும் சரி, அவள் கொஞ்ச நேரம் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பாள்.

வந்து இறங்கிய அன்று பிள்ளையின் அப்பாதான் சொன்னான். "சாயங்காலம் நீச்சல் முடிஞ்சதும் அக்காதான் போய்க் கூட்டிட்டு வருவா. இங்க இருக்கற வரைக்கும் நீயே கூட்டிட்டு வந்துடேன்." அது பெருந்தன்மையா, அவனுடைய அக்காவின் முழங்கால் வலியா என்று அவள் ஆராயப் போகவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, பாலின் சூட்டையா தொட்டுப் பார்ப்பார்கள்? அன்றிலிருந்து கிடங்கில் வேலை முடிந்ததோ இல்லையோ, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல ஓடுவாள்.

முதல் நாள் பேக்கரி முனையில் வழி தெரியாமல் இடது பக்கம் திரும்பிவிட்டாள். மகள் பின்னாலிருந்து கூப்பிடவில்லை. வேகமாக நடந்து பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் பேசினாள். "அது சுத்து வழி. பூங்காவையே சுத்திட்டு வரணும். நேராப் போனா பத்து நிமிஷம்."

"சரிம்மா" என்று நேராகவே நடந்தாள். சுற்று வழியில் கூடக் கிடைத்திருக்கக்கூடிய நேரத்தைத்தான் மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறாள் பெண்.

பிறகுதான் கவனித்தாள், மகள் எப்போதுமே அப்படித்தான். பக்கத்தில் வந்துதான் பேசுவாள். எதிர்ச் சாரியில் நின்றாலும் சாலையைக் கடந்து வந்துதான் விஷயத்தைச் சொல்வாள். கூப்பிட வேண்டுமானால் அம்மா என்று கூப்பிட வேண்டும். அந்தச் சொல் வராததால் அந்தப் பிள்ளை இவ்வளவு நடக்கிறது என்று ஒருநாள் புரிந்தது. ஆனாலும் நாளுக்கு நாள் கொஞ்சம் இளகியது. ஈரப் பையை ஒருநாள் தானாகவே நீட்டினாள். பயிற்சியாளரின் விசில் எப்போதும் கெட்டுப்போய்க் கோழி மாதிரி கத்தும் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஈரத் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் அம்மாவின் கைமேல் விழுந்தது, அவள் அதைத் துடைக்கவில்லை. இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் போதும் என்று இருந்தது. ஒரு வாரத்தில் பெரிதாக ஒன்றும் ஆகிவிடப்போவதில்லை. ஆனால் வேண்டும், பசிக்கிற மாதிரி வேண்டும்.

வெள்ளிக்கிழமை தேர்வு. கேள்விகள் எளிதானவை, அவர்கள் தூக்கத்தில்கூடச் செய்துவிடக்கூடியவை. முடிவைப் பார்த்து அவள் நாற்காலியில் நிமிர்ந்தாள். பெரியண்ணன் தேறியிருந்தார். பில் அக்காவும் சத்தமும் தேறவில்லை. ஒரு லாரிக்குள் ஊரில் உள்ள அத்தனை வால்வையும் ஏற்றி அனுப்பியிருந்தார் சத்தம். பில் அக்கா விற்காத சரக்கைத் திரும்ப வாங்கியிருந்தாள். அதைப் பார்த்தவளுக்கு வந்த முதல் உணர்ச்சி சந்தோஷம். வெட்கமில்லாத, சுத்தமான சந்தோஷம். உடனே கிடங்குக்குப் பின்னால் போய் மேலாளருக்குப் போன் போட்டாள்.

"இன்னொரு வாரம்தானே, தாராளமா இருங்கம்மா" என்றார் அவர். "ஆனா தேறாத ஆளுங்க பேரைக் குறிச்சு அனுப்பிடுங்க. எந்தக் கிடங்கை மூடறதுன்னு இங்க பேச்சு ஓடிட்டிருக்கு. காட்டறதுக்கு நமக்கும் ஒரு காரணம் வேணும்ல."

போனை வைத்தவள் அங்கேயே காலி மரப்பெட்டிமேல் உட்கார்ந்தாள். பேரைத்தானே கேட்கிறார்கள், கிடங்கு மூடுகிறபோது எத்தனையோ காரணத்துக்காக மூடுவார்கள், அதில் இது ஒன்றா பெரிசு என்று மனசு தரகர் மாதிரி பேசிக்கொண்டே போனது. அப்போது பெரியண்ணன் கையைத் துணியில் துடைத்தபடி வந்து நின்றார்.

"மன்னிச்சுடுங்க மேடம்."

"எதுக்குண்ணே? நீங்கதான் பாஸ் ஆயிட்டீங்களே."

"அதுக்குத்தான்." அவர் தரையைப் பார்த்தார். "ஆளுக்கொரு தப்பு போடலாம், மேடம் இன்னொரு வாரம் இருப்பாங்கன்னு அவங்க ரெண்டு பேரும் சொன்னாங்க. நானும் சரின்னுதான் உக்காந்தேன். தப்பா ஒரு எண்ணை அடிச்சேன். அழிச்சேன். திரும்ப அடிச்சேன். கை வரல மேடம்."

அவள் பெட்டியிலிருந்து எழுந்து நின்றாள்.

"பில் அக்கா வீடு நீச்சல் குளத்துக்கு எதிர்லதான். பாப்பாவோட நீங்க நடந்து போறதைப் பார்த்திருக்கு. நடை அப்படியே உங்க நடையாம்." கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "திரும்பி வந்த சரக்குப் பாடத்தை நீங்க மூணாவது தடவை எடுத்தப்பவே எங்களுக்குப் புரிஞ்சுடுச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தாள். இவர்களானால் அந்தச் சோற்றையும் பரிமாறி, தெரியாத மாதிரி எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. யாராவது தனக்காகத் தோற்றுப்போவார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை.

உள்ளே போனாள். "ரெண்டு பேரும் திரும்ப எழுதுங்க" என்றாள்.

"எங்களுக்கு வரல மேடம்" என்றாள் பில் அக்கா, திரையைப் பார்த்தபடி.

"வரும்."

"ஒரு வாரம்தானே. எங்களுக்கு என்ன ஆயிடப்போகுது?"

"பேரை எழுதி அனுப்பச் சொல்றாங்கக்கா. இந்தக் கிடங்கை மூட ஒரு காரணம் தேடிட்டிருக்காங்க. அந்தக் காரணத்தை நான் கொடுக்க மாட்டேன்."

பில் அக்கா திரையை விட்டுத் திரும்பினாள். சத்தம் கேட்டார், வழக்கம்போல் காற்றாக. "அப்ப பாப்பா?"

அவள் தேர்வை மறுபடி திறந்து வைத்தாள். இருவரும் குனிந்து தட்ட ஆரம்பித்தார்கள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, உண்மையாகவே ஒரே ஒரு தப்பு வந்துவிடாதா என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. வரவில்லை. அவள் சொல்லிக்கொடுத்தது அவ்வளவு நன்றாகப் பதிந்திருந்தது. மூன்று பேரும் தேறிவிட்டார்கள் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். கிளம்பும்போது பில் அக்கா அவள் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்து விட்டாள், அவ்வளவுதான்.

குளத்து வாசலில் மகள் காத்திருந்தாள். அவளிடமிருந்து பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள்.

"நாளைக்குக் காலைல கிளம்பறேன்டா. இங்க வேலை முடிஞ்சுடுச்சு."

"சரி" என்றாள் மகள்.

அடுத்து எப்போது என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தது தப்பு. இரண்டு வாரம் கூட நடந்துவிட்டால் அத்தனை வருஷமும் நேராகிவிடுமா? அவள் தலையைக் குனிந்தபடி நடந்தாள். கால்களுக்கு வழி பழகியிருந்தது. பேக்கரி முனையைத் தாண்டி, நேரே போகிற சாலையில் பத்திருபது அடி வந்துவிட்டாள். அப்புறம்தான் பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை என்று உறைத்தது.

"அம்மா."

திரும்பினாள். மகள் பேக்கரி முனையிலேயே நின்றிருந்தாள். பக்கத்தில் வரவில்லை. ஈரத் தலை, கையில் நீச்சல் கண்ணாடி. இந்த ஊரிலேயே வளர்ந்த பெண், கண்ணைக் கட்டிவிட்டாலும் வீடு போய்ச் சேருகிறவள், இடது பக்கச் சாலையைக் காட்டினாள்.

"இந்தப் பக்கம்தானே வழி?"

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். இன்று காலையிலிருந்து இந்த மாதிரி முகங்களை நிறையவே பார்த்துவிட்டாள்.

"ஆமா" என்றாள். "இந்தப் பக்கம்தான்."

பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள். மகள் அவள் வந்து சேரும்வரை நின்றாள். பிறகு இருவரும் இடது பக்கம் திரும்பினார்கள். எதிரே பூங்காவின் வேலி நீளமாக, முடிகிற இடம் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.