பீரோவுக்குள் மகள்

வீடு மாறுகிறவர்களின் சாமான் தூக்குவது பீரோக்காரரின் பிழைப்பு. அவருக்கு மகள் ஆடப்போகும் நடனத்தின் பெயரே பிடிக்கவில்லை. ‘பாதி’யாம்.

“பாதின்னா என்னடி அர்த்தம்? முழுசாத்தானே பெத்தோம்?”

“நீங்க ஒரு இனம், அம்மா ஒரு இனம். நான் ரெண்டுலயும் பாதிப்பா. அதைத்தான் ஆடறோம்.”

“இதுல என் பாதி எது?”

“மூக்கு. அதுக்கே உங்களை நான் இன்னும் மன்னிக்கல.”

நடனத்தில் வருவது பெற்றவர்களின் காதல்தான். வேற்று மொழிக்காரி ஒருத்தி வீடு மாறிய அன்று கூட்டாளி வராமல் இவர் தனியாக நிற்க, பீரோவின் மறுமுனையை அவளே பிடித்தாள். படி இறங்கி முடிப்பதற்குள் இரண்டு பேரும் விழுந்துவிட்டார்கள். பீரோவுக்குக் கீறல்கூட இல்லை. அவள் மொழியில் அவருக்கு இன்றைக்கும் மூன்று சொல்தான்: தூக்கு, இறக்கு, மன்னிச்சுக்கோ. அவளோ இவர் மொழியை லாரியில் கற்றவள். வசவு மட்டும் பிசகில்லாமல் வரும்.

அதே பீரோதான் மேடைக்கும் வந்தது. கடைசியில் மகள் அதன் கதவைத் திறந்துகொண்டு ‘பிறக்க’ வேண்டும்.

“மேடையில தள்ளி வெச்சுட்டுப் போய் உக்காருங்க. வேற எதுலயும் கை வைக்காதீங்க. என் முதல் மேடைப்பா, கெடுத்துடாதீங்க” என்று சொல்லிவிட்டு பீரோவுக்குள் ஏறிக்கொண்டாள்.

தள்ளி வைத்துவிட்டு மனைவி பக்கத்தில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்தார்.

அவராக ஆடிய பையனுக்கு இடுப்பே இல்லை.

“நான் இவ்வளவு ஒல்லியாவா இருந்தேன்?”

“நீ அன்னிக்கே மூட்டைதான். பேசாம பாரு.”

பையனும் அவர் மனைவியாக ஆடிய பெண்ணும் பீரோ முன்னால் கையை விரித்து நின்றார்கள். கதவு திறக்கவில்லை. மறுபடியும் விரித்தார்கள். உள்ளே தட்டும் சத்தம்.

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சாவி! எந்த பீரோவை நகர்த்தினாலும் கதவு ஆடாமலிருக்க முதலில் பூட்டு, சாவி பைக்குள். பழகிய கை, உள்ளே இருப்பது துணியா மகளா என்று பார்க்குமா?

“பாவி” என்று தொடங்கிய மனைவி, கூடவே லாரிச் சொல் இரண்டையும் சேர்த்தாள்.

மேடைக்கு ஓடினார். மேடையோ சரிவு, பீரோ சாய்ந்து பூட்டு இறுகிக் கிடந்தது, சாவி திரும்பவில்லை. ஆடுகிறவர்கள் சிலையாகிவிட்டார்கள். “தூக்கு!” என்று அவள் மொழியில் கத்தினார். மனைவி செருப்பை உதறிவிட்டு ஏறி வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

“இந்தப் பக்கம்யா, எருமை!”

கதவு திறந்தது. வியர்வையில் குளித்த மகள் பொத்தென்று வெளியே விழுந்தாள். இதுவும் நடனம்தான் என்று நினைத்த கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

“மன்னிச்சுக்கோ” என்று மூன்றாவது சொல்லையும் செலவழித்தார்.

மகள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குக் குனிந்தாள். சிரிப்பு கலையாமல் பல்லிடுக்கில் திட்டினாள்: பாதி அவர் மொழியில், பாதி அம்மா மொழியில்.

அவருக்கு முழுசாகவே புரிந்தது.