தூரிகை நுனி

கணவன் ஆம்ப்ரோஸின் ஓவியச் சாமான் பைக்குள் ஜின் சாராயப் புட்டியைக் கண்டதும் ஹெஸ்டருக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அதுவும் பாதி காலி! பாவி மனுஷன், இனிக் குடிக்கமாட்டேன் என்று மூன்று வருஷத்துக்கு முன் பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தவன். "இன்னொரு தரம் தொட்டீங்கன்னா கெண்டல்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்" என்று அன்றே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

மறுநாள் விடிவதற்குள் ஆம்ப்ரோஸ் பையைத் தூக்கிக்கொண்டு படம் வரையக் கிளம்பினான். அவள் தன் துணிமணியை மூட்டை கட்டி வாசலோரம் வைத்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டே போவது என்று பின்னாலேயே நடந்தாள்.

ஜனவரி மாதம். ஏரிக்கரைப் புல் உறைந்து காலடியில் நொறுங்கியது. ஆம்ப்ரோஸ் ஒரு பாறைமேல் உட்கார்ந்து புட்டியைத் திறந்தான். ஹெஸ்டர் ஒரு மரத்தின் பின்னால் ஒண்டி நின்று பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வண்ணம் குழைக்கும் தண்ணீர்க் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றினான். உடனே மூடி, எழுந்து போய்த் தூரத்துப் புதரில் வைத்துவிட்டு வந்தான்.

கீழ்வானம் வெளுத்தது. மூடுபனியும் நீல மலையும் தாளில் அழகாக இறங்கின. மரக்கிளைதான் கயிறு மாதிரித் தடித்தது. தூரிகை நுனி பிரிந்திருந்தது. வழக்கம்போல உதட்டில் வைத்துக் கூராக்கத் தூக்கினான். பாதியில் நிறுத்திச் சட்டைக் கையில் துடைத்தான். மறுபடியும் அப்படியே.

"என்னங்க கூத்து இது?"

அவன் துள்ளி எழுந்தான். "ஹெஸ்டர்! சத்தியமா குடிக்கல. தண்ணி உறைஞ்சுபோவுது. இதைக் கலந்தா உறையாது."

"என்கிட்ட சொன்னா என்னவாம்?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

 அவளுக்கு வெட்கமாக இருந்தது. "சரி, பிரஷ்ஷை ஏன் வாயில வைக்கல?"

"அந்தத் தண்ணியிலதான் அது கலந்திருக்கே. ஒரு சொட்டு நாக்குல பட்டாலும் என்னை நானே நம்பமாட்டேன்."

ஹெஸ்டர் அவனை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். தூரிகையைப் பிடுங்கித் தன் உதட்டில் வைத்து இழுத்தாள். நுனி ஊசியாயிற்று.

"த்தூ! இந்தக் கண்றாவிக்கா என்னை அத்தனை வருஷம் அழவச்சீங்க?"

அவன் சிரித்தான். கண் கலங்கியிருந்தது. அடுத்த கிளை நூலாக வந்தது. மலையிலிருந்து பார்வையை எடுக்காமலே தூரிகையை அவளிடம் நீட்டினான். அவள் கூராக்கிக் கொடுத்தாள்.

வெயில் ஏறியபின் வீடு திரும்பினார்கள். வாசலில் மூட்டையைக் கண்டதும் ஆம்ப்ரோஸ் நின்றுவிட்டான்.

"எங்க கிளம்பின?"

"ஏரிக்கரைக்குத்தான்," என்றாள் ஹெஸ்டர், மூட்டையைக் காலால் உள்ளே தள்ளியபடி. "நாளைக்கும் குளிருமே, போர்த்திக்க எடுத்து வச்சேன்."