இரண்டாவது முன்னுரை

வாசுகி மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, ஊதிப் பார்த்தாள். "வாசலை மறித்து நிற்கும் வெள்ளை மைவி காரின் உரிமையாளர் உடனே வந்து வண்டியை நகர்த்தவும்" என்றாள். இது முன்னுரையில் இல்லாத வரி. ஆனால் அந்தக் கார் நகராமல் கூலிமிலிருந்து வரும் கம்பெனி பஸ் உள்ளே நுழைய முடியாது. பஸ் வராமல் கோலா கெத்தில் பக்கத்து இந்த மலேசியத் தோட்டத்தில் எந்தத் திருவிழா நாடகமும் முழுசாக நடந்ததில்லை.

கோயில் மைக் என்றால் வாசுகிதான். பள்ளிக்கூடக் கேண்டீனில் நாசி லெமாக் சோறு பொட்டலம் கட்டுகிறவளுக்கு அப்படியொரு குரலை ஏன் கொடுத்தானோ, கொடுத்தவனைத்தான் கேட்க வேண்டும். வருஷா வருஷம் நாடகத்துக்கு முன்னுரை சொல்வதும் அவள்தான். அதை இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்பது இங்கே வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு உட்கார்ந்துவிட்டவர்களுக்கு ஒன்று. மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்குகிற சனத்துக்கு இன்னொன்று. பஸ் வந்துவிட்டால் மேடையில் எது நடந்துகொண்டிருந்தாலும் படுதா விழும். ஒரு வருஷம் பாதி செத்த ராஜா எழுந்துபோய், முன்னுரை முடியும்வரை சீராப் குடித்துக்கொண்டிருந்தார்.

நாடகம் எழுதுகிறவர் யோகேந்திரன். தபாலாபீஸில் வேலை. நாடகத்தில் பெரிய ஆசாமி என்று அவருக்கு நினைப்பு, அதில் பாதி உண்மையும் உண்டு. "என்ன நடக்கப்போவுதுன்னு மொதல்லயே சொல்லிடணும்க்கா. அப்பதான் சனம் எப்படி நடக்குதுன்னு பாக்கும். இல்லாட்டி பக்கத்து ஆளக் கேட்டுக்கிட்டே இருக்கும்" என்பார். அவர் சொன்னதைச் சனம் ரொம்பவே பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் சாவார்கள் என்று முன்னுரையில் சொல்லியிருந்த வருஷம், சாக வேண்டிய ஒருவனை ஓவர்டைமுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒருத்தர் மட்டும் செத்ததும் படுதாவை விட்டால் மண்டபத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் யோகேந்திரனே மேடையேறிச் செத்தார். அதற்குப் பிறகுதான் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

இந்த வருஷத்து முன்னுரையை வாசுகி தாளைப் பார்க்காமலே சொன்னாள். "சபையோருக்கு வணக்கம். இது ராஜாக்கள் காலத்தில் ஆற்றங்கரையில் ஓடம் விட்ட ஒருத்தியின் கதை. அவளுடைய மகள் அக்கரைக்காரன் ஒருவனோடு போனாள். போனவள் ஒரு மழைநாளில் திரும்பி வருவாள். மூன்று முறை கதவைத் தட்டுவாள். மூன்று முறையும் தாழ் திறக்காது. குற்றம் யாருடையது என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. நீங்களே பாருங்கள்."

கைதட்டல் வந்தது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதையும் வாசுகி பார்த்தாள். பார்க்கட்டும். தாளை முதன்முதலாக வாங்கிய அன்றே யோகேந்திரனைக் கேட்டுவிட்டாள். "ஏன் தம்பி, ஒங்களுக்கு எழுத வேற கதையே கெடைக்கலியா?" அவர் பதறிப்போய், "ஐயோ அக்கா, இது பழைய காலத்துக் கதைலா" என்றார். பழைய காலமாவது ஒன்றாவது. எட்டு மாதத்துக்கு முன்னால், அவளுடைய ஒரே மகள் ஷீலா, தன்னோடு ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஷானைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன். "இனிமே நான் இருக்குற வாசப்படிய மிதிக்காத" என்று வாசுகி சொன்னது அதே குரலில்தான். பக்கத்து மூன்று வீட்டுக்குக் கேட்டது. ஷீலா அதற்குப் பிறகு மிதிக்கவே இல்லை. கூலிமில் வாடகை வீட்டில் இருக்கிறாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று வாசுகிக்கு மறுநாள் காலையிலேயே தோன்றிவிட்டது. தோன்றி என்ன செய்வது? மைக்கில் சொன்னதைத் திரும்பவும் மைக்கில் மாற்றிச் சொல்லலாம், வீட்டில் சொன்னதை எந்த மைக்கில் மாற்றுவது?

இன்று மத்தியானம் அவள் புருஷன் திவாகரன் சட்டை மாட்டிக்கொண்டே சொன்னார். "ஷீலாவ நாடகத்துக்கு வரச் சொல்லியிருக்கேன். பஸ்சுல வருவா." அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மேடைக்குக் கதவு செய்தவர் அவர்தான். நேற்று ஒத்திகையில் முதல் தட்டுக்கே அந்தக் கதவு தானாகத் திறந்துகொண்டு எல்லாரும் சிரித்துவிட்டார்கள். திறக்கவே போகாத கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்று, சட்டத்தோடு சேர்த்து நாலு ஆணி அறைந்துவிட்டார்.

நாலேகாலுக்குப் பஸ் வந்தது. மேடையில் அப்போது மழை. ஓடக்காரியாக நடித்த மருதம்மாள் கதவுக்கு உட்புறம் விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். மகளாக நடிக்கும் ரமணி தண்ணீர் தெளித்த சேலையோடு கதவை நோக்கி வந்துகொண்டிருந்தாள். படுதா விழுந்தது. வாசுகி மைக்கைப் பிடித்து வாசலைப் பார்த்தாள்.

ஷிப்ட் சனம் சட்டையில் தொங்கும் அட்டையோடு இறங்கிக் காலணிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தது. கடைசியாக ஷீலா இறங்கினாள். இளைத்திருந்தாள். படிக்குக் கீழே, செருப்புக் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். ஃபேக்டரி சப்பாத்தைக் கழற்றவில்லை. நாடகம் பார்க்க வந்தவள் சப்பாத்தோடு நிற்பாளா? கோயில் மண்டபத்தில் யார் வாசப்படியை யார் தடுத்தது? ஆனால் அம்மா சொன்ன வாசப்படி எது என்று அவள் அளந்து பார்க்கவில்லை. அம்மா இருக்கிற இடமெல்லாம் என்று எடுத்துக்கொண்டிருந்தாள். பஸ் கால்மணி நேரம் நின்று கூலிமுக்குத் திரும்பும், உள்ளே வராவிட்டால் அவளும் அதிலேயே போய்விடுவாள். டிரைவர் பிச்சை எஞ்சினை நிறுத்தக்கூட இல்லை.

வாசுகி மைக்கை நிமிர்த்திக்கொண்டாள்.

"சபையோருக்கு வணக்கம்" என்று தொடங்கினாள். ஓடக்காரி வந்தாள், மகள் வந்தாள், மழை வந்தது. "மூன்று முறை கதவைத் தட்டுவாள். முதல் முறை தாழ் திறக்காது. இரண்டாம் முறையும் திறக்காது." நிறுத்தினாள். "மூன்றாம் முறை திறக்கும். திறக்கிறவள்தான் குற்றவாளி. அவளே வந்து திறப்பாள்."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. முதல் முன்னுரையைக் கேட்டிருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். யோகேந்திரன் பக்கவாட்டிலிருந்து ஓடிவந்தார். "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க! அந்தப் பொண்ணு ஆத்துத் தண்ணியோட போவணும்!"

"சொல்லிட்டேன் தம்பி. சனம் கேட்டுடுச்சி. இனிமே நீங்களே செத்தாலும் யாரும் எழுந்திருக்க மாட்டாங்க."

யோகேந்திரன் உள்ளே போய் மருதம்மாளிடம் என்னவோ சொன்னார். படுதா விலகியது. ரமணி தட்டினாள். இரண்டாவதாகவும் தட்டினாள். வாசுகி மேடையைப் பார்க்கவில்லை. வாசலில் ஷீலா குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தட்டு விழுந்தது. மருதம்மாள் எழுந்து வந்து, தாழ் நீக்குவதுபோல் கையை அசைத்துவிட்டு இழுத்தாள். கதவு வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். சட்டம் ஆடியது, கதவு அசையவில்லை.

அப்போதுதான் வாசுகிக்கு ஆணி ஞாபகம் வந்தது. அட கடவுளே என்று வாய்விட்டே சொன்னாள், அது மைக்கில் கேட்டது.

"பூக்கா லா அக்கா, பூக்கா!" என்று பின்னாலிருந்து ஒருவன் மலாயில் கத்தினான். "தொறங்க! தொறங்க!" என்று மண்டபமே சேர்ந்துகொண்டது. படுதாவைப் போட யோகேந்திரன் கயிற்றைப் பிடித்தார். அதற்குள் திவாகரன் சுத்தியலோடு மேடையில் ஏறிவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ராஜாக்கள் காலத்து மழையில் நனைந்து நிற்கும் ரமணியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சுத்தியலின் பிளந்த முனையை முதல் ஆணியின் தலைக்கடியில் கொடுத்தார். ஆணி கிரீச்சென்று வந்தது. "ஒண்ணு!" என்றது சனம்.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்த ஷீலா நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தாள். பிறகு மேடையை, அப்பாவின் முதுகை, மைக்கோடு நிற்கும் அம்மாவைப் பார்த்தாள். "ரெண்டு!" இரண்டாவது ஹாரன் நீளமாக வந்தது.

வாசுகி மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "ஒரு அறிவிப்பு" என்றாள். "கூலிம் பஸ் டிரைவர் பிச்சை அண்ணன் தயவுசெய்து கொஞ்சம் பொறுக்கவும். கதவு இன்னும் திறக்கவில்லை."

பஸ்ஸின் எஞ்சின் நின்றது. மூன்றாவது ஆணி பாதியில் வளைந்துவிட்டது. திவாகரன் முழங்காலைக் கதவில் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தார். ஷீலா ஒரு காலில் சப்பாத்தும் மறுகால் வெறுங்காலுமாக, வெறுங்காலை மட்டும் முதல் படியில் வைத்திருந்தாள்.